மீன் சந்தையில் எதை உண்பது? ஜப்பானிய அனுபவமும் நமது கரையோரமும்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் வெளிநாட்டவர்கள், கோவில்களுக்கும் மாளிகைகளுக்கும் அடுத்தபடியாக மீன் சந்தை ஒன்றையும் தமது பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது இன்று வழமையாகிவிட்டது. அவர்கள் அங்கு செல்வது மீன் வாங்குவதற்காக அல்ல, உண்பதற்காகவே ஆகும். எந்தச் சந்தையில், எந்த மாதத்தில், எதை உண்ண வேண்டும் என்று வழிகாட்டும் நூல்கள் பல மொழிகளில் வெளிவந்துள்ளன.

இச்செய்தி யாழ்ப்பாணத்து வாசகருக்குச் சற்று விநோதமாகவே தோன்றும். மீன் சந்தைக்குச் சென்று உண்பதென்பது நமது பழக்கத்தில் இல்லாத ஒன்று. சந்தைக்குச் செல்வோம், விலை பேசுவோம், வெட்டுவித்துக்கொண்டு வீடு திரும்புவோம். அத்துடன் சந்தையின் பணி முடிந்துவிடும். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஆடி, ஆவணி மாதங்களிலும் மார்கழி விடுமுறையிலும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் நமது ஊர்களுக்கு வருகின்ற உறவினர்கள், குறிப்பாக அவர்களது பிள்ளைகள், கேட்கும் முதற் கேள்வி "இங்கே என்ன சாப்பிடலாம்?" என்பதுதான். இக்கேள்விக்குப் பண்டத்தரிப்பில் இருந்துகொண்டு நாம் அளிக்கக்கூடிய விடை எது என்பதை ஜப்பானிய அனுபவத்தின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சந்தையும் உணவு மேசையும்

டோக்கியோ நகரின் மீன் சந்தை நெடிய வரலாறு உடையது. அந்நகர் எடோ என அழைக்கப்பட்ட காலத்தில் நிஹொன்பாஷி என்னும் இடத்தில் இயங்கிய அச்சந்தை, 1923 ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தில் அழிந்தது. அதன் பின்னர் 1935 ஆம் ஆண்டில் ட்சுகிஜி என்னும் இடத்தில் புதிய மொத்த விற்பனைச் சந்தை திறக்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகப் புகழுடன் விளங்கிய அது, 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆம் திகதி மூடப்பட்டு, அதே மாதம் 11 ஆம் திகதி டொயோசு என்னும் இடத்தில் நவீன கட்டடங்களுடன் மீண்டும் திறக்கப்பட்டது. மொத்த விற்பனை இடம் மாறியபோதிலும் ட்சுகிஜியின் வெளிச் சந்தை, அதாவது சிறு கடைகளும் உணவகங்களும் நிறைந்த பகுதி, பழைய இடத்திலேயே தொடர்ந்து இயங்கி வருகின்றது.

அங்கு செல்வோர் அதிகாலையிலேயே உண்கின்றனர். புளிக்காடி கலந்த சோற்றின் மீது பச்சை மீன் துண்டை வைத்துத் தரும் சுஷி, சோறில்லாது மீன் துண்டுகளை மட்டும் தரும் சஷிமி, கோப்பைச் சோற்றின் மீது பலவகைக் கடலுணவுகளைப் பரப்பித் தரும் கைசென்டொன், தணலில் வாட்டிய சிப்பி, அடுக்கடுக்காகச் சுருட்டிப் பொரித்த முட்டை எனப் பட்டியல் நீளும். டொயோசுவில் நடைபெறும் சூரை மீன் ஏலத்தைக் காண்பதற்கும் பயணிகள் கூடுகின்றனர். 2019 ஆம் ஆண்டின் முதலாவது ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள நீலச்செட்டைச் சூரை ஒன்று 33 கோடியே 36 இலட்சம் யென்னுக்கு விலைபோனமை உலகச் செய்தியானது.

ஆனால் விபரம் அறிந்தவர்கள் விலை உயர்ந்ததைத் தேடிச் செல்வதில்லை. அவர்கள் தேடுவது பருவத்தை. ஜப்பானிய மொழியில் 'ஷுன்' என்றொரு சொல் உண்டு. ஒரு மீனோ காயோ கனியோ தனது சுவையின் உச்சத்தில் இருக்கும் காலத்தை அச்சொல் குறிக்கின்றது. வசந்த காலத்தில் முதலில் வரும் சூரை, இலையுதிர் காலத்துச் சன்மா, குளிர்காலத்துச் சிப்பி என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு மீன் உரித்தானது. கனசவா நகரின் ஒமிச்சோ சந்தைக்குக் குளிர்கால நண்டை உண்ணச் செல்பவர், நவம்பர் 6 ஆம் திகதிக்கு முன்னர் அங்கு செல்வதில் பயனில்லை. அன்றுதான் அக்கடற்பகுதியில் அந்த நண்டைப் பிடிப்பதற்கான தடை நீங்குகின்றது. ஷிமொனொசெக்கி நகரின் கரட்டோ சந்தையில் வார இறுதி நாட்களில் மீன் வியாபாரிகளே சுஷி செய்து விற்கின்றனர். அந்நகர் பேத்தை மீனுக்குப் பெயர்பெற்றது. நஞ்சுடைய அம்மீனை அரச அனுமதி பெற்ற சமையற்காரர் மாத்திரமே அங்கு வெட்டிச் சமைக்கலாம்.

ஆக, ஜப்பானியச் சந்தையில் எதை உண்பது என்ற கேள்விக்கு விடை மிகவும் எளிமையானது. இன்று கரைக்கு வந்ததை, அதன் பருவத்தில், அந்தக் கடலுக்கு உரியதை, அதை விற்பவர் அருகிலேயே உண்ண வேண்டும் என்பதே அவ்விடையாகும். விலைப் பட்டியலோ விளம்பரமோ இதனைத் தீர்மானிப்பதில்லை.

பச்சை மீன்: ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்துதல் அவசியம். ஜப்பானியர் மீனைப் பச்சையாக உண்கின்றனர் என்பதனால் நாமும் அவ்வாறு உண்ணலாம் என்று கருதுவது ஆபத்தானது. பச்சையாக உண்பதற்கான மீன் அங்கு பிடிபட்ட கணத்திலிருந்தே தனியாகப் பராமரிக்கப்படுகின்றது. மூளையில் குத்தி உடனடியாகக் கொன்று, இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியில் இடும் முறை நெடுங்காலமாகக் கையாளப்படுகின்றது. தொலைகடலில் பிடிபடும் சூரை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை வரையிலான கடுங்குளிரில் உறைய வைக்கப்படுகின்றது. மீனின் குடலிலும் தசையிலும் வாழும் அனிசாகிஸ் என்னும் புழு மனிதரின் வயிற்றில் கடும் வலியை உண்டாக்கும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் 24 மணித்தியாலங்கள் உறைய வைத்தால் அது அழிந்துவிடும் என்பது ஜப்பானிய சுகாதாரத் துறையின் அறிவுறுத்தலாகும்.

நமது கடலோ வெப்பமண்டலக் கடல். கரைக்கு வந்த மீன் வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலே கெடத் தொடங்கும். சூரை, கும்பளா போன்ற மீன்கள் குளிரூட்டப்படாது கிடந்தால் அவற்றில் உருவாகும் இஸ்டமின் என்னும் பொருள், சமைத்த பின்னரும் அழியாது நின்று முகம் சிவத்தல், தலையிடி, வாந்தி ஆகியவற்றை ஏற்படுத்தும். ஆகவே உறவினரின் பிள்ளைகள் ஆசைப்படுகின்றார்கள் என்பதற்காகச் சந்தை மீனைப் பச்சையாகப் பரிமாறுதல் கூடாது. புளியும் மிளகும் மஞ்சளும் இட்டுக் கொதிக்க வைக்கும் நமது முறை, நமது காலநிலை கற்றுத்தந்த அறிவாகும்.

இரு கடல்களின் நடுவே

பண்டத்தரிப்பு கடற்கரைப் பட்டினம் அன்று. ஆயினும் வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில் மாதகற் கரை உண்டு. சேந்தாங்குளமும் அண்மையிலேயே உள்ளது. இவை பாக்கு நீரிணையை நோக்கிய திறந்த கடலின் கரைகள். தெற்கே சென்றால் காக்கைதீவு, நாவாந்துறை, குருநகர், பாசையூர் என யாழ்ப்பாணக் கடனீரேரியின் துறைகள் வரிசையாக அமைந்துள்ளன. அலை மிகுந்த கடலின் மீனும் ஆழம் குறைந்த களப்பின் மீனும் ஒரே நாளில் ஒரே ஊரின் அடுப்புக்கு வந்துசேரும் வாய்ப்பு உலகில் எல்லா ஊர்களுக்கும் கிட்டுவதில்லை.

பாரை, விளை, அறக்குளா, சீலா, முரல், சூடை, சாளை, கும்பளா என்பன திறந்த கடல் தருபவை. ஒரா, ஓட்டி, திரளி, மணலை என்பன சாதாளை படர்ந்த ஆழமற்ற நீரில் பெருகுபவை. நீலக்கால் நண்டும் இறாலும் கடனீரேரியின் தனிச்செல்வங்கள். கணவாய் இரு பக்கமும் கிடைக்கும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் நமது மூத்தோர் ஒரு சமையல் முறையை வகுத்து வைத்துள்ளனர். 'எதை உண்பது' என்பதற்கும் 'எப்படி உண்பது' என்பதற்கும் ஒரே விடையாக அம்முறை அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

எதை, எப்படி, எப்போது?

விருந்தினர் முதலில் சுவைக்க வேண்டியது மீன் சொதி என்பதே நமது பரிந்துரை. விளைமீனோ ஒராவோ அன்று காலையில் இறங்கியதாக இருந்தால், பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள் இட்டு, தேங்காய்ப்பால் விட்டு, இறக்கிய பின் தேசிக்காய் பிழிந்து, இடியப்பத்துடன் உண்ணலாம். சொதியில் மீனின் பழுதை மறைக்கும் சரக்கு எதுவும் இல்லை. நல்ல மீனால் மாத்திரமே நல்ல சொதி வைக்க முடியும். ஜப்பானியரின் சஷிமிக்கு நிகராக, மீனின் புத்துணர்வை நேரடியாக எடுத்துக்காட்டும் நமது உணவு இதுவே எனலாம்.

அடுத்து நண்டு. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இட்டுக் குழம்பு வைத்து, இறக்கும் தறுவாயில் முருங்கையிலை தூவும் முறை யாழ்ப்பாணத்துக்கே உரியது. நண்டை வாங்குவோர் அளவைப் பார்க்காது எடையைப் பார்க்க வேண்டும். சிறியதாயினும் கையிற் கனக்கும் நண்டே சதைப்பற்று உடையது. நிலவுக் காலத்து நண்டில் சதை குறைவு என்பது கரையோர மக்களிடையே நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. முட்டை தாங்கிய நண்டை வாங்காது விடுவது வருங்காலத்துக்குச் செய்யும் நன்மையாகும். சிங்க இறாலைப் பொறுத்தமட்டில், முட்டை தாங்கியதைப் பிடிப்பதும் விற்பதும் இலங்கையில் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

கணவாய்க் கறிக்குப் பிட்டும், இறால் குழம்புக்கு முருங்கைக்காயும் துணை. சுறாவை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவுடன் வறுத்தெடுக்கும் வறை, பிள்ளை பெற்ற தாய்மாருக்கு உகந்தது எனக் கொடுக்கப்பட்டு வந்தது. விலை குறைந்த சூடையும் நெத்தலியும் பலரால் இகழப்படுகின்றன. உண்மையில் புளி விட்டு வற்றக் காய்ச்சிய சூடைத் தீயலும் மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்தலியும் அறக்குளாத் துண்டுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. முள்ளோடு உண்ணப்படும் சிறுமீன்கள் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகத் தருபவை. பெரிய மீன்களில் சேரும் பாதரசமும் இவற்றில் மிகக் குறைவு.

இவை அனைத்துக்கும் சிகரமாக அமைவது ஒடியற் கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்துப் பெறும் ஒடியலை மாவாக்கி, அம்மாவை நீரில் ஊறவிட்டு வடித்துக் கசப்பை நீக்கி, மீன் தலை, நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை ஆகியன வெந்த கொதிநீரில் செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்துக் கரைத்துக் காய்ச்சும் இவ்வுணவில், இந்த மண்ணும் இந்தக் கடலும் ஒருங்கே கலந்துள்ளன. அன்றைய தினம் வலையில் எது பட்டதோ அதுவே கூழில் சேரும். இதற்கென நிலையான மீன் பட்டியல் கிடையாது. ஜப்பானியர் பருவம் என்று போற்றுவதை நமது பாட்டிமார் கூழ்ப்பானையில் நடைமுறைப்படுத்தினர்.

நாளும் கிழமையும்கூட இங்கு கணக்கில் எடுக்கப்பட வேண்டியவை. வெள்ளிக்கிழமைகளில் சைவக் குடும்பங்கள் பல மச்சம் உண்பதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் திருவிழாக் காலத்தில் மச்சத்தை முற்றாகத் தவிர்ப்போரும் பலர். புலம்பெயர்ந்த உறவினர்கள் பெருமளவில் வருகின்ற காலமும் அதுவே. விரதம் இல்லாதவர்கள் அக்காலத்தில் நல்ல மீனை ஆறுதலாகத் தெரிந்து வாங்க முடியும். கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர்கள் பலவற்றில் ஞாயிறு ஓய்வு நாள். அன்று சந்தைக்கு வரும் மீன், பெரும்பாலும் முதல் நாள் பிடித்ததாக இருக்கக்கூடும். மாரி காலத்தில் வாடைக் காற்று வலுக்கும்போது வடகரைப் படகுகள் கரையிலேயே தங்கிவிடும். அவ்வேளையில் மழைநீர் கலந்த களப்பில் படும் இறாலை நாடுவதே பொருத்தமானது.

மீனைத் தெரிவு செய்யும் முறை உலகெங்கும் ஒன்றே. கண் தெளிந்து பிதுங்கியிருக்க வேண்டும். பூ சிவந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். கடல் மணம் இருக்கலாம். மீன் நாற்றம் இருத்தல் ஆகாது.

மாசியும் கருவாடும்

ஜப்பானியச் சமையலின் அடிப்படை கட்சுஓபுஷி எனப்படும் உலர்ந்த சூரை. மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை உலர்த்தி, பின்னர் மெல்லிய சீவல்களாகச் சீவி நீரில் இட்டுச் சாறெடுப்பர். அவர்களது சாறு வகைகள் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூலம். இதனை வாசிக்கும் எவருக்கும் மாசி நினைவுக்கு வராதிருக்க முடியாது. மாலைதீவிலிருந்து நம்மிடம் வந்து, மாசிச் சம்பலாக நமது அம்மிகளில் இடிபட்டு வருவதும் அவித்துப் புகையூட்டி உலர்த்திய அதே சூரையே. இரு தீவுச் சமூகங்கள் ஒரே மீனுக்கு ஏறத்தாழ ஒரே முறையைக் கண்டுள்ளன.

கருவாட்டின் நிலையும் அத்தகையதே. ஜப்பானியச் சந்தைகளில் மீனை இரண்டாகப் பிளந்து உப்பு நீரில் தோய்த்து உலர்த்தியதைக் காலை உணவுக்கென வாட்டித் தருகின்றனர். பயணிகள் அதனை வரிசையில் நின்று வாங்கி உண்கின்றனர். நம்மிடமோ சீலாக் கருவாடும் கட்டாக் கருவாடும் திருக்கைக் கருவாடும் விருந்தினர் முன் வைக்கத் தயங்கும் பொருட்களாகிவிட்டன. மணக்கும் என்பது காரணமாகக் கூறப்படுகின்றது. அவித்த மரவள்ளியுடன் பொரித்த கருவாட்டை உண்டு வளர்ந்த தலைமுறையே இன்று அதனை மறைத்து வைக்கின்றது என்பது வருத்தத்திற்குரியது.

தரிக்காத பண்டங்கள்

பண்டத்தரிப்பு என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் பண்டங்கள் தரிக்கும் இடம் என்ற பொருள் கிடைக்கும். ஆனால் நமது கடலின் சிறந்த பண்டங்கள் இன்று இங்கு தரிப்பதில்லை என்பதே உண்மை நிலை. கடனீரேரியில் பிடிபடும் நீலக்கால் நண்டின் பெரும்பகுதி கொள்வனவு நிலையங்களில் தரம் பிரிக்கப்பட்டு, சதையாகவும் முழு நண்டாகவும் கடல் கடந்து செல்கின்றது. அமெரிக்கா அதன் முக்கிய சந்தைகளுள் ஒன்று. இறாலும் கணவாயும் பெருமீன்களும் பனிக்கட்டியிட்ட பாரவூர்திகளில் இரவோடிரவாகக் கொழும்புக்குச் செல்கின்றன. கடலட்டையின் கதை இன்னும் விசித்திரமானது. வடபகுதிக் கடற்பரப்பில் பிடிக்கவும் அண்மைக்காலமாகப் பண்ணைகளில் வளர்க்கவும் படும் இதனை நாம் உண்பதே இல்லை. அது சீனச் சந்தைகளை நோக்கிச் செல்கின்றது. ஜப்பானியரோ தமது கடலின் அட்டையைப் புளிக்காடியில் இட்டுத் தாமே சுவைத்து உண்கின்றனர்.

ஏற்றுமதி தீயது என்று கூறுவது நமது நோக்கமன்று. பல கடற்றொழிலாளர் குடும்பங்களுக்குக் கையில் பணம் கிடைப்பது அதனாலேயே. நண்டுக்கு நல்ல விலை கிடைத்திராவிட்டால் போருக்குப் பின்னர் பல குடும்பங்கள் மீண்டெழுந்திருக்க முடியாது. ஆனால் அனைத்தையும் அனுப்பிவிட்டு எஞ்சியதை உண்பது மாத்திரமே ஒரு கரையோரச் சமூகத்தின் விதியாக இருத்தல் வேண்டுமா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

இக்கேள்வியைக் கொழும்பில் ஒருவர் கேட்டார். ஜப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் பிறந்த சமையற்கலை வல்லுநர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்களான குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன ஆகியோருடன் இணைந்து 2011 ஆம் ஆண்டில் கொழும்பின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில் நண்டுக்கென ஓர் உணவகத்தை ஆரம்பித்தார். இலங்கையின் சிறந்த சேற்று நண்டுகள் சிங்கப்பூருக்குச் சென்றுவிட, இலங்கைக்கு வருபவர்கள் அவற்றைச் சுவைக்க முடியாதிருந்த நிலையை மாற்றுவதே அதன் எண்ணம். இன்று அவ்வுணவகம் ஆசியாவெங்கும் அறியப்பட்டுள்ளது. நண்டு நம்முடையதாகவே இருந்தது. அதற்கு ஒரு மேசை மாத்திரமே தேவைப்பட்டது.

கடல் இருந்தால்தான்

எனினும் மேசையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் கடலைப் பற்றிப் பேசியாக வேண்டும். மூன்று தசாப்த காலப் போரின்போது வடபகுதிக் கடற்றொழில் தடைகளாலும் பாதுகாப்பு வலயங்களாலும் முடங்கிக் கிடந்தது. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து படகுகள் கடலுக்குத் திரும்பின. திரும்பிய கடலில் அவர்களை எதிர்கொண்டது தமிழகத்திலிருந்து எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளாகும். கடலடியை உழுது, சாதாளையையும் குஞ்சு மீன்களையும் வாரிச் செல்லும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 ஆம் ஆண்டில் சட்டத்தால் தடை செய்தது. ஆயினும் பாக்கு நீரிணையில் அப்பிரச்சினை இன்றும் தீரவில்லை. இரவில் விரித்த வலை காலையில் அறுந்து கிடப்பதைக் காணும் மீனவரின் துயரம், சந்தையில் விலை பேசும் நமக்கு எளிதில் தெரிவதில்லை. அக்கரையில் இருப்பவர்களும் தமிழர்களே, அவர்களும் அன்றாட உழைப்பாளிகளே என்பது இப்பிரச்சினையின் கசப்பை மேலும் மிகுவிக்கின்றது.

நுகர்வோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. பெரிய மீனையே கேட்டு நிற்பதும், குஞ்சு நண்டை மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்குவதும், ஆண்டு முழுவதும் ஒரே வகை மீனை வேண்டுவதும் கடலின் மீது நாம் சுமத்தும் சுமைகளாகும். பருவத்தை அறிந்து உண்பவர் சுவையை மாத்திரம் பெறுவதில்லை. கடலுக்கு ஓய்வையும் அளிக்கின்றார். கனசவாவில் நவம்பர் மாதம் வரை நண்டுக்காகக் காத்திருக்கும் வழக்கத்தின் உட்பொருள் இதுவே.

இன்னுமோர் இழப்பு ஓசையின்றி நிகழ்ந்து வருகின்றது. நமது இளைய தலைமுறையினர் பலருக்கு மீன்களின் பெயர்கள் தெரியாது. ஒராவுக்கும் ஓட்டிக்கும் வேறுபாடு தெரியாது. ஒராவின் முள் குத்தினால் கடுக்கும் என்பதும், பேத்தையை உண்ணக்கூடாது என்பதும்கூடப் பலர் அறியாத செய்திகளாகிவிட்டன. பெயர் தெரியாத மீனை எவரும் கேட்டு வாங்குவதில்லை. கேட்டு வாங்கப்படாத மீன் நாளடைவில் சமையலறையிலிருந்து மறைகின்றது. அதனுடன் அதற்குரிய சமையல் முறையும் மறைந்துபோகின்றது.

செய்யக்கூடியவை

வடமாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் இயங்கும் 'அம்மாச்சி' உணவகங்கள் நமக்கு நல்ல முன்மாதிரியாக உள்ளன. அங்கு பெண்கள் வாடிக்கையாளரின் கண்முன்னே பாரம்பரிய மரக்கறி உணவுகளைச் சமைத்து நியாய விலைக்கு வழங்குகின்றனர். சுத்தமும் சுவையும் உள்ள அவ்விடங்களைத் தேடி உள்ளூரவரும் வெளியூரவரும் செல்கின்றனர். இதே முறையில், மீன் இறங்குதுறைகளுக்கும் சந்தைகளுக்கும் அருகில் கடலுணவுக்கெனச் சிறிய உணவு நிலையங்களை அமைப்பது இயலாத காரியமா? மாதகலிலோ காக்கைதீவிலோ பாசையூரிலோ காலையில் இறங்கிய மீனில் ஒரு பங்கை அங்கேயே வாங்கி, மதியத்துக்குள் சொதியும் தீயலும் நண்டுக் குழம்பும், வாரத்தில் ஒரு நாள் கூழும் தரும் நிலையங்களாக அவை இருக்கலாம். கடற்றொழிலாளர் குடும்பப் பெண்கள், குறிப்பாகப் போரில் துணையை இழந்தோர், கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாக அவற்றை நடத்தலாம்.

இதற்குப் பெருமுதலீடு தேவையில்லை. தூய நீர், கழிவு நீர் வடிகால், பனிக்கட்டி, வெயில் படாத மேசை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஒழுங்கான மேற்பார்வை ஆகிய ஐந்தும் இருந்தால் போதுமானது. நமது சந்தைகள் பலவற்றில் இவை இல்லாதிருப்பதே உண்மையான தடையாகும். மீனை நிலத்தில் குவித்துக் கூறு போட்டு விற்கும் இடத்தில் எவரும் அமர்ந்து உண்ண விரும்பமாட்டார்கள். பிரதேச சபைகள் சந்தைக் குத்தகைப் பணத்தில் ஒரு பகுதியை இவ்வசதிகளுக்கு ஒதுக்குவது பயன் தரும் முதலீடாக அமையும். எந்த மாதத்தில் எந்த மீன், அதன் பெயர் என்ன, எவ்வாறு சமைப்பது என்பதைப் படத்துடன் காட்டும் பலகை ஒன்றைச் சந்தை வாயிலில் வைப்பதற்கு அதனிலும் குறைந்த செலவே ஆகும். அப்பலகைக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டும் பணியை நமது பாடசாலை மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். கரையோர முதியவர்களிடம் அவ்வறிவு இன்னும் எஞ்சியிருக்கின்றது.

இவ்வாறான நிலையம் ஒன்று இயங்கினால் மீனவருக்குக் கரையிலேயே இரண்டாவது வாங்குநர் கிடைப்பார். கொள்வனவு முகவர் கூறும் விலைக்கு மாற்று விலை ஒன்று உருவாகும். சிறுமீனுக்கும் மதிப்பு ஏற்படும். விருந்தினர் கொடுக்கும் பணம் ஊரிலேயே தங்கும்.

ஜப்பானியர் 2013 ஆம் ஆண்டில் தமது பாரம்பரிய உணவு முறையை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தனர். பருவத்தையும் இயற்கையையும் மதித்து உண்ணும் வாழ்முறை என்பதே அதற்கு அவர்கள் முன்வைத்த நியாயமாகும். அத்தகைய மரபு நமக்கும் உண்டு. பட்டியலில் இடம்பெறுவது முக்கியமன்று. அந்த மரபு நமது அடுப்புகளில் உயிருடன் இருப்பதே முக்கியம்.

எனவே, எதிர்வரும் விடுமுறையில் உறவினர்கள் வரும்போது அவர்களை நகரத்து உணவகங்களுக்கு அழைத்துச் சென்று எங்கும் கிடைக்கும் உணவுகளை வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாக, விடியற்காலையில் அவர்களது பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். படகு வருவதையும் ஏலம் கூறுவதையும் அவர்கள் காணட்டும். மீன்களின் பெயர்களைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். அன்று எது நல்லது என்று வலைக்காரரிடமே கேட்டு வாங்கி வந்து, அன்றைய மதியத்துக்கே சமைத்துக் கொடுங்கள். சந்தைக்கு அருகே மேசை போடப்படும் நாள் வரும்வரை, நமது வீட்டு மேசையே அந்தக் கடலின் மேசையாக இருக்கட்டும்.